குதிரைக்குக் காவல் நின்றவர்

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று நகரத்துக்காரர்கள் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நின்றபடி அது கண் அசரும், அவ்வளவுதான். கனவு வருகிற தூக்கம் தரையில் படுத்தால்தான் கிடைக்கும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரமும் அது நம்புகிற இன்னொரு குதிரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் படுக்காது. வாரக் கணக்கில் படுக்காமலே இருக்கும்.

ஜிபார், அப்பாவின் குதிரைக்கு முன்னங்கால் மூட்டுகளில் ஏன் அந்தத் தழும்புகள் என்று நேற்றுக் கேட்டாய். அப்போது வீடு நிறைய ஆட்கள். இப்போது அப்பாவின் நாற்பதாம் நாள் விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், பாத்திரங்கள் கழுவியாகிவிட்டது. பிஷ்கெக் போகும் உன் வண்டி மூன்று மணிக்குத்தானே. உட்கார், சொல்கிறேன். நடுவில் எதுவும் கேட்காதே. முப்பத்தொன்பது வருஷம் கால்நடை உதவியாளராக வேலை பார்த்தவள் நான். நோய் எப்படித் தொடங்கியது என்று முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

போன மார்ச் மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் நாரின் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதும் உனக்குத் தெரியும். மலைக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் சொன்னதாக உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீயும் அப்பாவிடம் அழுது பேசினாய். அவர் கேட்கவில்லை. "ஜேர்தே என்னைச் சுமக்கிற வரைக்கும் நான் மேல போவேன். அவன் முடியாதுன்னு சொல்லட்டும், நான் இறங்கிடறேன்" என்றார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மந்தையோடு மேலே, கம்பளிக் கூடாரத்தில், தொலைபேசி எடுக்காத இடத்தில், எழுபத்தொரு வயதுக்காரர். பக்கத்தில் கூட மேய்க்கிற ஓர்மோனின் கூடாரம் மட்டும்தான். ஓர்மோனுக்கு ஆடு எண்ணத் தெரியும், நாடி பிடிக்கத் தெரியாது.

ஆகவே குதிரைதான் முடியாது என்று சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஜேர்தேவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பல் தேய்ந்திருந்தது, முதுகு சற்றுக் குழிந்திருந்தது, மற்றபடி திடமாக இருந்தது. ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ ஒரு விலங்கைக் கெடுக்க என்னால் முடியாது. அதை நீ நம்ப வேண்டும். கூட்டுப் பண்ணைக் காலத்திலிருந்து என் கையால் ஒரு கன்றுக்குட்டிகூட வீணாகச் செத்ததில்லை. நான் செய்தது மிகச் சிறிய காரியம். சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையை என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன்.

அந்தப் பெட்டை என் அண்ணன் ஷார்ஷென் எனக்குக் கொடுத்ததுதான். பதினான்கு வருஷமாக அதுவும் ஜேர்தேவும் ஒரே பட்டியில் இருந்தன. ஒன்று படுத்தால் மற்றது நிற்கும். ஒன்றின் பிடரியை மற்றது பல்லால் நிரடிக் கொடுக்கும், ஈ மொய்க்கிற நாட்களில் தலைக்கு வாலாக நின்று ஒன்றின் முகத்தில் மற்றது விசிறும். அண்ணனின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்குச் சாதுவான குதிரை வேண்டும் என்று கொச்கோரிலிருந்து கேட்டதாக அப்பாவிடம் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. நான்தான் அவனிடம், வைத்துக்கொள் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "உங்க அண்ணன் குடுத்தது. உன் குதிரை. நான் என்ன சொல்ல" என்றார். லாரியில் ஏற்றும்போது அவரே அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார்.

ஜேர்தே மூன்று நாள் வேலி ஓரமாகவே நடந்தது. அந்தத் தடம் இன்னும் பட்டியில் இருக்கிறது, பார். நான்காம் நாள் நடையை நிறுத்தியது. மற்றவர்கள் அதைப் பார்த்துப் பழகிவிட்டது என்பார்கள். எனக்குத் தெரியும், அது பழகியது இல்லை. காது பக்கவாட்டில் தொங்கும், கண் திறந்திருக்கும், எதையும் பார்க்காது. குடிக்கிற தண்ணீர் பாதியாகக் குறைந்தது. சாணம் சிறு சிறு உருண்டையாக இறுகியது.

உன் அப்பா முட்டாள் இல்லை. துணை இல்லாமல்தான் வாடுகிறது என்று புரிந்துகொண்டு ஓர்மோனிடம் போய் இரண்டு இளங்குதிரைகளைக் கேட்டு வாங்கி வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வயதான குதிரைக்குத் தனிமையைவிடக் கெடுதலானது அடிக்கடி மாறுகிற துணை. புதுக் குதிரை வந்தால் யார் முதலில் தண்ணீர் குடிப்பது, யார் புல் பக்கம் நிற்பது என்று எல்லாவற்றையும் மறுபடி சண்டை போட்டுத்தான் முடிவு செய்யும். இளசுகள் இரண்டும் ஜேர்தேவைப் புல்லிடம் நெருங்க விடவில்லை. அதன் பின்புறத்தில் பல் பதிந்த காயங்களுக்கு நான்தான் மருந்து தடவினேன். மருந்தை நன்றாகத்தான் தடவினேன். மூன்று வாரத்தில் ஒருவாறு ஒத்துப்போகத் தொடங்கின. அதற்குள் மே மாதக் கடைசி. ஓர்மோன் மந்தையோடு மேலே புறப்பட்டான், இளசுகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அப்பா சேணத்தை எடுத்து வெளியே வைத்தார். ஜேர்தேவின் விலாவைக் கையால் தடவிப் பார்த்தார். அதன் எலும்புகள் அவர் விரலுக்குத் தட்டுப்பட்டன. சேணத்தை மறுபடி உள்ளே கொண்டுபோய் மாட்டினார். அன்று சாப்பிடும்போது, "இந்த வருஷம் வேண்டாம் கிழவி. அவனுக்கு முடியல" என்றார்.

நான் நினைத்தது நடந்தது. நாற்பத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் வீட்டில் இருந்த முதல் கோடை அது. நீ சின்னவளாக இருந்தபோது அப்பா எங்கே என்று கேட்டால் மலையைக் காட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா. இந்த ஜூன் மாதம் ஜன்னலைத் திறந்தால் அவர் முற்றத்தில் இருந்தார். அடுப்பின் புகைக்குழாயைச் சரிசெய்தார். என் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டார், கோணல் கோணலாக. "மலையில இருந்தா இந்நேரம் எனக்குக் குதிரைப்பால். இங்க கிழவி கையால வெறும் டீ" என்று கேலி செய்வார். "குடிக்கலேன்னா வைங்க, கோழிக்கு ஊத்தறேன்" என்பேன். குடித்துவிடுவார். ஆப்ரிகாட் பழுத்தபோது இருவரும் உட்கார்ந்து கொட்டை எடுத்து வெயிலில் காயவைத்தோம். அந்தப் பழம்தான் நீ நேற்று விருந்தில் சாப்பிட்டது.

ஜூலையில் நொண்டிக்கொண்டு வந்த ஒரு கறுப்புப் பெட்டையை வைத்தியத்துக்காக என்னிடம் விட்டுப்போனார்கள். ஜேர்தே பத்தே நாளில் அதோடு ஒட்டிக்கொண்டது. தின்னத் தொடங்கியது. ஒரு மத்தியானம் படுத்துக்கூட விட்டது. அப்பாவுக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பெட்டையின் குளம்புப் புண்ணை நான் சீக்கிரம் ஆற்றினேன். வேறு சமயமாக இருந்தால் இன்னும் மூன்று வாரம் வைத்திருந்து பார்த்துத்தான் அனுப்பியிருப்பேன். அப்பா சந்தைக்குப் போயிருந்த நாளில் உரியவர்களை வரச்சொல்லி ஒப்படைத்தேன். மேலே கிளம்ப ஆகஸ்ட் வரை நாள் இருந்தது அல்லவா. குதிரை தேறிவிட்டால் அவர் மேலே போய்விடுவார்.

அந்தப் பெட்டையை ஓட்டிக்கொண்டு போனபோது ஜேர்தே கனைத்தது. நான் எத்தனையோ பிரசவம் பார்த்தவள், எத்தனையோ விலங்குகளைச் சாகக் கொடுத்தவள். அப்படி ஒரு சத்தத்தை இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். முதல் தடவை அது என் வாயிலிருந்தே வந்தது. உனக்கு முன்னால் பிறந்தவன் ஆறாம் நாள் போனபோது. அதுவும் ஜூலை. உன் அப்பா மேலே இருந்தார். சொல்லி அனுப்பினோம். மந்தையில் தொண்டை அடைப்பான் நோய், விட்டுவிட்டு வர முடியாது என்று பதில் வந்தது. பதினோராம் நாள் வந்தார். ஒரு பை நிறைய உலர்ந்த தயிர் உருண்டை கொண்டுவந்தார். நான் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கனைப்பைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன்.

ஆகஸ்டில்தான் அந்தப் புண்கள் வந்தன. படுக்காத குதிரை நின்றபடியே ஆழ்ந்து தூங்கிவிடும், அப்போது முன்னங்கால்கள் மடங்கும். மூட்டு தரையில் மோதியதும் திடுக்கிட்டு எழும். ஒரு நாளில் பத்து தடவை, இருபது தடவை. தோல் கிழியும், ஆறும், மறுபடி கிழியும். அப்பா அதை யாரோ அடித்த காயம் என்று நினைத்தார். அப்புறம் வேலியில் ஆணி இருக்கிறதா என்று ஒவ்வொரு கம்பாகத் தடவிப் பார்த்தார். என்னிடமும் கேட்டார். "வயசாச்சு, மூட்டுல பலமில்ல" என்றேன்.

நான் அவருக்குச் சொன்ன பொய்களில் அது மட்டும்தான் அவரிடம் நிற்கவில்லை. ஒரு வாரம் பட்டியிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு நாள் மத்தியானம் உள்ளே வந்தார். முகமெல்லாம் வேர்வை. "கிழவி, அவன் தூங்கறதே இல்ல. படுக்கப் பயப்படறான். அதான் விழறான்" என்றார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அப்படியா என்றேன்.

மறுநாளிலிருந்து உன் அப்பா குதிரைக்குக் காவல் நிற்கத் தொடங்கினார்.

காலைத் தேநீர் குடித்ததும் பட்டிக்குள் போவார். மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு ஜேர்தேவுக்கு இரண்டு எட்டு தள்ளி நிற்பார். முதல் நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதனைக் குதிரை காவலாக ஏற்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் படித்த எதிலும் அப்படி இல்லை. ஐந்தாம் நாள் அது அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது, மண்ணை முகர்ந்தது, முன்கால்களை மடித்தது, படுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தலையையும் தரையில் வைத்தது. குறட்டை சமையலறை வரைக்கும் கேட்டது.

அன்று அவர் உள்ளே வந்தபோது கிழவன் மாதிரியே இல்லை. "காலெல்லாம் உதறிச்சு கிழவி. கனவுல ஓடறான். மேல எங்கேயோ ஓடறான்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் நீ நம்ப வேண்டும்.

உட்கார்ந்து பார்க்கலாமே என்று ஒரு முக்காலி கொடுத்தேன். அவர் உட்கார்ந்தால் குதிரை எழுந்துவிடும். நின்றால்தான் அது காவல். ஆகவே நின்றார். செப்டம்பர் முழுவதும் நின்றார். அக்டோபரில் காற்று மாறியது. மந்தைகள் இறங்கி வந்தன, ஓர்மோன் வேலிக்கு வெளியே குதிரையை நிறுத்தி, "அண்ணே, உங்களுக்கு மேய்க்க மந்தை குடுத்தா நீங்க ஒத்தக் குதிரைக்கு வாட்ச்மேன் ஆயிட்டீங்க" என்று சிரித்தான். அப்பா விரலை உதட்டில் வைத்து அவனைப் பேசாதே என்றார். குதிரை தூங்கிக்கொண்டிருந்தது. ஓர்மோன் தன் குதிரைகளில் ஒன்றை விட்டுப்போகிறேன் என்றான். அப்பாதான் மறுத்தார். இனி ஒரு மாற்றத்தை ஜேர்தே தாங்காது, இப்போதுதான் நம்பியிருக்கிறது என்றார். நான் என்ன செய்தேன் என்பது தெரியாமலே அவர் அதை அவ்வளவு சரியாகச் சொன்னார்.

அக்டோபர் நடுவில் ஷார்ஷென் அண்ணன் தொலைபேசியில் பேசினான். சாம்பல் பெட்டை அங்கே சரியாகத் தின்னவில்லை, அதுவும் இளைத்துவிட்டது, திருப்பிக் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டான். புதுத் துணை இல்லை அது, பழைய துணை. வந்திருந்தால் அன்றைக்கே அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்திருப்பார்.

வேண்டாம் என்று சொன்னேன்.

மலைக்குப் போகும் பருவம் முடிந்துபோயிருந்தது. அடுத்த ஜூன் வரை பயப்பட எதுவும் இல்லை. அதை யோசித்துப் பார்க்கத்தான் செய்தேன். அடுத்த வருஷம் குதிரை தேறிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனிடம் புல் போதாது என்று சொன்னேன். கொல்லையில் வைக்கோல் போர் கூரை உயரத்துக்கு இருந்தது.

ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார். உதடு நீலம் பூத்திருந்தது. "நாளைக்கு ஒரு நாள் நீ நில்லேன். உன்னையும் அவனுக்குத் தெரியும். நான் கொஞ்சம் படுத்துக்கறேன்." எனக்கு முழங்கால் வலி என்றேன். அவர் சரி என்றார். உன் அப்பா எதற்கும் இரண்டாம் தடவை கேட்கிறவர் இல்லை.

அவருடைய மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தேன். கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க ஆட்டுச் சாறு வைத்துக் கொடுத்தேன். ஊரே பார்த்தது. அடக்கத்தன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எத்தனை பெண்கள் அழுதார்கள், நீயும்தான் கேட்டாய். சால்கின் அக்கா, நீங்கள் இல்லையென்றால் அவர் மார்ச்சிலேயே போயிருப்பார் என்றார்கள். நான் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் காலையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

நவம்பர் ஒன்பது. இரவே பனி விழுந்திருந்தது. போக வேண்டாம் என்று சொன்னேன், உண்மையாகவே சொன்னேன். "நேத்தே பனியில கால் மடங்கிச்சு அவனுக்கு" என்று தொப்பியை எடுத்தார். பட்டியில் ஒரு மூலையில் வைக்கோல் பரப்பினார். ஜேர்தே உடனே படுத்தது. அந்த அளவுக்கு அவரை நம்பியது. அவர் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார், தோளில் பனி விழுந்துகொண்டிருந்தது.

நான் ஜன்னலோரம் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் சரிந்தார். விழுந்தார் என்று சொல்ல முடியாது. மண்வெட்டிக் காம்பைப் பிடித்தபடியே மெதுவாக வேலியில் சாய்ந்து உட்கார்ந்தார். குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்தது. அவர் மேல் குனிந்து நின்றது. அவர் கையைத் தூக்கினார். குதிரைக்காகத் தூக்கவில்லை, வீட்டுப் பக்கம் தூக்கினார். ஜன்னலில் நான் இருப்பது அவருக்குத் தெரியும்.

மாட்டுக் கொட்டகையில் இருந்தேன், சத்தம் கேட்கவில்லை என்று உனக்குச் சொன்னேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னேன். அவருடைய நெஞ்சுவலிக்கான ஊசி மருந்து அலமாரியில், கைக்கு எட்டுகிற தட்டில் இருந்தது. போடவும் எனக்குத் தெரியும். எனக்கு அப்போது கோபம் இல்லை. எதையும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று மட்டும் தோன்றியது. கோப்பையில் தேநீர் இருந்தது, குடித்தேன். சூடாக இருந்ததால் மெதுவாகத்தான் குடிக்க முடிந்தது. குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். அப்புறம் காலணி மாட்டிக்கொண்டு, மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

கன்னம் இன்னும் சூடாக இருந்தது. கண் வீட்டுப் பக்கம் திறந்திருந்தது.

அடக்கத்துக்கு ஷார்ஷென் அண்ணன் லாரியில் வந்தபோது யாரும் சொல்லாமலே பெட்டையையும் ஏற்றி வந்தான். உனக்கு அது நினைவிருக்கும். நாங்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தபோது இரண்டும் வெளியே சேர்ந்துவிட்டன. தண்ணீர் எடுக்க வந்தவள் பார்த்தேன், ஜேர்தே படுத்திருந்தது, பெட்டை நின்றுகொண்டிருந்தது. இப்போது புண்ணெல்லாம் ஆறிவிட்டது. நீ பார்த்தது வெறும் தழும்பு. குதிரையைப் பற்றிக் கவலைப்படாதே, இன்னும் நான்கைந்து வருஷம் இருக்கும்.

ஏன் முகத்தை அப்படித் திருப்பிக்கொள்கிறாய். இன்னும் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு விருப்பமில்லை. நாரின் மருத்துவர் மலைக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய உயரம், மாத்திரை போட்டுக்கொண்டு மெதுவாகப் போகட்டும், வீட்டில் அடைத்து வைக்க வேண்டாம், கூட யாராவது இருந்தால் போதும் என்றார். கூட நீங்கள் போகலாமே என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த மலைக்கு நான் போனதே இல்லை, ஜிபார். உன் அப்பா ஒரு வருஷம்கூட என்னைக் கூப்பிட்டதில்லை.

மருத்துவர்கள் சின்ன வயசுக்காரர்கள், அவர்களுக்கு என்ன தெரியும். மேலே போயிருந்தால் அவர் அந்தக் கோடையைத் தாண்டியிருக்க மாட்டார். நவம்பர் ஒன்பது வரைக்கும் நான் அவரை உயிரோடு வைத்திருந்தேன்.